பாதி வீட்டில் எரியும் விளக்கு

சூரியன் ஒளியிழந்து மீண்டும் பெற்ற கதையைச் சொல்லும் தலங்கள் இரண்டு, தொண்டிக்கு அருகிலேயே உள்ளன. மேற்கே மதுரைச் சாலையில் இருக்கும் திருவாடானை, திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். தன்னிலும் ஒளி மிக்கவர் இலர் எனச் செருக்குற்ற சூரியன் அவ்வொளியை இழந்து, இங்கே நீல இரத்தினத்தால் ஈசனைப் பூசித்து அதைத் திரும்பப் பெற்றான் என்கிறது தலவரலாறு. இறைவனுக்கு ஆதிரத்தினேசுவரர் என்னும் திருநாமம் அமைந்தது அதனால்தான். தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர். அங்கு எழுந்தருளியிருப்பவர் வெயிலுகந்த விநாயகர். அவரை வழிபட்ட சூரியனின் கதிர்கள் தம்மீது படுவதை உகந்து ஏற்பவர்.

ஒளி குறைந்த காலத்தில் அடக்கத்தோடு இருந்தவனுக்கு அது திரும்பக் கிடைத்தது என்பதே இரு கதைகளின் உட்பொருளும். புயல் கடந்த மறுநாள், வீட்டின் முன்னறையில் விளக்கு எரிந்து அடுக்களை இருண்டு கிடக்கும்போது, இந்த அடக்கம் வெறும் புராணச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. குடும்பத்தாரின் உயிரையும், தெருவாரின் நலத்தையும், மின்கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிரையும் காப்பதாக அது ஆகிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களும் இராமநாதபுரம் கடற்கரைக்குப் புயல் மாதங்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அன்று இக்கரையோரத்து வீடுகளில் மின்விளக்கைக் கண்டவை மிகச் சில. ஆதலால் மின்சாரம் போயிற்று என்று வருந்தியோரும் சிலரே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது நிலைமை வேறாக இருந்தது. தொண்டியிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் வரும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் மின்பணியாளர்கள் வந்து உழைத்தனர். குடிநீர்த் தொட்டியை நிரப்பவே ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவர வேண்டிய ஊர்கள் பல. அவ்வாண்டு திருக்கார்த்திகை நவம்பர் 23ஆம் தேதி. புயலுக்குப் பின் ஒரே வாரம். வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. அந்த வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள பல சிற்றூர்களில் அன்று எரிந்தவை அகல் விளக்குகள் மட்டுமே.

இத்தகைய பேரழிவு ஆண்டுதோறும் நேர்வதில்லை. ஆண்டுதோறும் நேர்வது வேறொன்று. காற்று ஓய்கிறது, மழை விடுகிறது, மின்சாரம் வருகிறது, ஆனால் முழுமையாக வருவதில்லை. ஒரு வரிசை வீடுகளில் விளக்கு எரிகிறது; எதிர்வரிசையில் இல்லை. ஒரே வீட்டில் கூடத்துக்கு உண்டு, பூசை அறைக்கு இல்லை. சில இடங்களில் விளக்கு மின்மினிபோல் மங்கி எரிகிறது. முழு இருளில் மக்கள் எச்சரிக்கையோடு நடக்கிறார்கள். பாதி வெளிச்சம் வந்ததும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. விபத்துகள் நேர்வது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

மூன்று முனைகளும் ஒரு நியூட்ரலும்

பாதி மின்சாரம் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி அச்சமும் முழு அவசரமும் நீங்கிவிடும்.

தெருவில் நிற்கும் மின்மாற்றி, 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுப் பயனுக்கு ஏற்பக் குறைத்து, மூன்று முனைகளாக அனுப்புகிறது. பேச்சு வழக்கில் பேஸ் என்பது இதுவே. சிவப்பு, மஞ்சள், நீலம் என அவற்றுக்கு நிறப்பெயர்கள் உண்டு. நான்காவதாக வருவது நியூட்ரல் கம்பி. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட். முனைக்கும் முனைக்கும் இடையே சுமார் 400 வோல்ட். சிறிய வீட்டுக்கு ஒரு முனை மட்டும் வரும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் அறைகளும் கருவிகளும் மூன்று முனைகளுக்கும் பங்கிடப்பட்டிருக்கும். ஆகவே ஒரு முனை அறுந்தால் தெருவில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளோ, ஒரே வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அறைகளோ இருளும். பாதி மின்சாரத்தின் முதல் வகை இது. எரிகின்ற அறையில் மின்னழுத்தம் சரியாகவே இருக்கும். இதில் இழப்பு வெளிச்சம் மட்டுமே.

இரண்டாம் வகை மங்கல். மின்மாற்றிக்கு உயர் அழுத்தத்தைக் கொண்டுவரும் மூன்று கம்பிகளுள் ஒன்றின் ஃபியூஸ் போய்விட்டால், வீட்டுப் பக்கத்தில் ஒரு முனை சரியாக இருக்க, மற்ற இரண்டிலும் மின்னழுத்தம் பாதியளவுக்கு இறங்கிவிடும். குண்டு பல்பு செந்நிறமாக மினுங்கும். விசிறி சோம்பிச் சுழலும். விளக்குக்கு இதனால் கேடில்லை. குளிர்பதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் அப்படியல்ல. குறைந்த அழுத்தத்தில் மோட்டார் சுழலத் தொடங்க முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். நிற்கும்போது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கும். சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். மங்கலாக மின்சாரம் வருமானால், மோட்டார் பூட்டிய கருவிகள் அனைத்தையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மும்முனை மோட்டார் வைத்திருப்போர் மூன்று முனைகளும் சரியாக வந்தன என உறுதி செய்துகொள்ளும்வரை அதைத் தொடலாகாது.

மூன்றாம் வகையே மிகக் கொடியது. முனைகள் மூன்றும் நலமாக இருக்க, நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துபோவது. அப்போது வீடுகள் தத்தம் 230 வோல்ட்டைப் பெறாமல், இரு முனைகளுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டைத் தமக்குள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்ளும். மிகுதியாகக் கருவிகள் ஓடும் வீட்டில் விளக்கு மங்கும். ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரியும் வீட்டில் கண் கூசும்படி எரிந்து வெடிக்கும். தொலைக்காட்சி, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எனப் பல கருவிகள் ஒருசேரப் பாழாகும். இதன் அடையாளம் தெளிவானது: ஓர் அறையில் மங்கலும் மற்றோர் அறையில் மிகைப் பிரகாசமும் சேர்ந்து தோன்றும், ஓரிடத்தில் சுவிட்சைப் போட்டால் வேறிடத்தில் வெளிச்சம் ஏறியிறங்கும். இதைக் கண்டவுடன் ஆராய்ச்சியில் இறங்காமல், காய்ந்த கையோடும் காலில் செருப்போடும் சென்று மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு குரல் பத்து வீட்டுக் கருவிகளைக் காப்பாற்றிவிடும்.

இவற்றுக்கு அப்பால், பழுது வீட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. மழைநீர் ஊறிய சுவரில் மின்கசிவு ஏற்பட்டால், மீட்டர் பெட்டிக்கு அருகில் உள்ள கசிவுத் தடுப்பு சுவிட்சு தானே விழுந்துவிடும். வீடுகளில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துக்கொள்பவை. உயிர் காக்க வகுத்த அளவு அது. மீண்டும் மீண்டும் விழுகிறதே என்று சலித்து, அதைத் தவிர்த்து நேராகக் கம்பி இணைப்பது, காவல் நாய் குரைக்கிறது என்று அதை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். ஈரம் காயும்வரை அந்தப் பகுதியை அணைத்தே வைத்திருப்பதுதான் வழி.

கடலோர ஊருக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. புயற்காற்று வாரி இறைக்கும் உப்பு, கம்பத்தின் மேலுள்ள பீங்கான்களில் படிகிறது. அந்த உப்பு ஈரமாகும்போது மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பிலேயே வழிந்து பொறி பறக்கிறது. கம்பி அறுபடவில்லை, கம்பம் சாயவில்லை, ஆயினும் மின்சாரம் போய்ப்போய் வருகிறது. தொண்டி போன்ற ஊர்களில் மின்பணியாளர் கம்பம் ஏறிப் பீங்கானைத் துடைப்பதைக் காணலாம். "கம்பிதான் நல்லா இருக்கே, ஏன் இன்னும் கரண்டு விடல?" என்னும் கேள்விக்குப் பல நேரங்களில் விடை இந்த உப்புதான்.

உயிரோடு இருக்கும் ஒரு முனை

மும்முனை வீடுகள் பலவற்றில், ஒரு முனை போனால் மற்றொரு முனைக்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்சு இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அதைத் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும்?

எடுத்துக்காட்டாக, ஒரு மின்மாற்றியில் 60 வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். முனைக்கு 20 வீட்டின் சுமை. இரண்டு முனைகள் போய்விட, எல்லோரும் எஞ்சிய முனைக்கு மாறுகிறார்கள். 20 வீட்டுச் சுமையைத் தாங்கிய முனை 60 வீட்டுச் சுமையை ஏற்கிறது. மோட்டார் ஓடுகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, தண்ணீர் சூடேற்றும் கருவி ஓடுகிறது. சிறிது நேரத்தில் ஃபியூஸ் உருகுகிறது, அல்லது சூடேறிய இணைப்பு கருகுகிறது. முன்பு மூன்றில் ஒரு பங்குக்காவது இருந்த வெளிச்சம் இப்போது எவருக்கும் இல்லை. காலையில் ஒரு முறை வந்து சென்ற பணியாளரை மாலையில் மறுபடியும் அழைக்க வேண்டியதாகிறது. அவர் செல்லவிருந்த அடுத்த ஊர் மேலும் ஓர் இரவு இருளில் கிடக்கிறது. இதற்கிடையே யாரோ ஒருவர் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால், உருக வேண்டியது உருகாமல் வீட்டு ஒயர் தீப்பற்றவும் கூடும்.

இங்கேதான் இல்லறத்தார்க்குரிய அறம் நிற்கிறது. எஞ்சிய முனை கோயில் தூண்டாமணி விளக்கைப் போன்றது. எல்லோரும் அதன் வெளிச்சத்தில் நிற்கலாம். அதன் எண்ணெயை ஒருவர் மொண்டுகொண்டு போகலாகாது. மாற்றிக்கொள்பவர்கள் விளக்கு, ஒரு விசிறி, செல்போன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண மின்விசிறிக்குச் சுமார் 75 வாட் தேவை. ஓர் எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட். அதாவது ஒரு விசிறியை நிறுத்தினால் எட்டு விளக்குகள் எரியும். தண்ணீர் சூடேற்றும் கருவி ஒன்று 2,000 வாட். அதை ஒருவர் போட்டால் இருநூறு விளக்குகளுக்கு மேல் எரியக்கூடிய மின்சாரத்தை அவர் ஒருவரே எடுத்துக்கொள்கிறார். கார்த்திகைக் குளிரில் வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பு இருக்கவே இருக்கிறது.

மோட்டார் ஓட்ட வேண்டியிருந்தால் தெருவார் முறை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அரைமணி நேரம், ஒரு வேளைக்கு ஒரு வீடு. வயலுக்கு நீர்முறை வைத்துப் பாய்ச்சிய குடிகளுக்கு இது புதிய பாடம் அன்று. தொண்டி பழைய துறைமுக ஊர். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் செல்வோர் ஒரே தெருவில் வாழும் ஊர். மின்மாற்றி அவர்கள் அனைவருக்கும் பொது. முறை வைப்பதும் அவர்கள் அனைவரும் சேர்ந்து செய்ய வேண்டியதே.

வெளிச்சம் உள்ள வீட்டாரிடம் இல்லாத வீட்டார் கேட்கக் கூசுவார்கள். ஆதலால் உள்ளவர்களே முன்வந்து கேட்பது அழகு. "அக்கா, எங்க பக்கம் கரண்டு இருக்கு, போனைக் குடுங்க, சார்ஜ் போட்டுத் தாரேன்" என்னும் ஒரு வார்த்தை போதும். ஆனால் பொருள்தான் விளக்குள்ள வீட்டுக்குப் போக வேண்டுமே தவிர, கம்பி தெருவைக் கடந்து வரலாகாது. ஈரத்தரையில் கிடக்கும் நீட்டிப்பு ஒயரை மிதிப்பது குழந்தையாக இருக்கலாம், மாடாக இருக்கலாம். மாவு அரைக்க வேண்டுமா, மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமா, எடுத்துச் சென்று கொடுத்துவிட்டு வரலாம்.

கம்பத்தில் நிற்பவரின் உயிர்

ஜெனரேட்டர் வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டிக்காமல், ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் சுவரிலுள்ள பிளக் வழியாக ஏற்றினால், அது வீட்டோடு நில்லாது. மீட்டரைக் கடந்து கம்பத்துக்குச் சென்று, மின்மாற்றியில் பின்வழியாகப் புகுந்து, 230 வோல்ட்டாகச் சென்றது 11,000 வோல்ட்டாக ஏறி மறுபுறம் வெளிப்படும். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்னும் நம்பிக்கையில் கம்பத்தின் மேல் கைவைத்திருக்கும் மனிதருக்கு அது கூற்றுவனாகிவிடும். மெயினை இறக்காமல், அல்லது முறையான மாற்று சுவிட்சு இல்லாமல், ஜெனரேட்டரை வீட்டு ஒயரில் இணைக்கவே கூடாது. அதன் புகை நிறமும் மணமும் தெரியாமல் கொல்லக்கூடியது. ஆகவே அதை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்து இயக்குவதும் கூடாது.

அறுந்து கிடக்கும் கம்பி பொறி பறக்காவிட்டாலும் உயிருள்ளது என்றே கொள்ள வேண்டும். தேங்கிய நீரில் அது கிடந்தால், நீர் முழுவதும் மின்சாரம் என்றே கொள்ள வேண்டும். விடியற்காலையில் கோலமிட வருவோரும், பூப்பறிக்கக் கொல்லைப்புறம் செல்வோரும், புயல் கடந்த மறுநாள் வெளிச்சம் நன்றாகப் பரவிய பின் வாசலில் இறங்குவதே நலம்.

புகாரைச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் மின்னகம் என்னும் சேவை மையம் 94987 94987 என்ற எண்ணில் இயங்கி வருகிறது. "கரண்டு இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "பாதி வீட்டில் இல்லை", "எங்கள் வரிசை முழுவதும் மங்கல்", "சில விளக்கு மிகையாக எரிகிறது" என்று உள்ளபடி சொல்ல வேண்டும். முதலாவது ஒரு முனை, இரண்டாவது மின்மாற்றியின் மேற்பக்கம், மூன்றாவது நியூட்ரல் என்று கேட்பவர் உடனே ஊகிக்க அது உதவும். மின் இணைப்பு எண்ணையும், அருகில் உள்ள கம்பத்தின் எண்ணையும் புயல் காலத்துக்கு முன்பே பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதி வைத்துவிட்டால் இருளில் தேட வேண்டியதில்லை.

மருத்துவமனை, குடிநீர், துணை மின்நிலையம் ஆகியவற்றுக்குச் செல்லும் பெரிய கம்பிகளை முதலில் சரிசெய்வது வழக்கம். தெரு அதற்கு அடுத்தது. தனி வீடு கடைசி. இது புறக்கணிப்பு அன்று. ஒரு பெரிய கம்பி சரியானால் ஆயிரம் வீடு ஒளிபெறும். ஒரு வீட்டின் கம்பி சரியானால் ஒரு வீடுதான்.

தொண்ணூற்றாறு ஆடுகள்

காத்திருக்கும் நாட்களில் கையிருப்பைக் காத்துச் செலவிடுவது எப்படி? சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இதற்கொரு கணக்குச் சொல்கின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. இடையர் அவற்றைப் பேணி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்தார். கிழடு கழிந்தாலும் குட்டி ஈடு செய்வதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. முதல் அழியாமல் அதன் விளைவைக் கொண்டு விளக்கெரித்த ஏற்பாடு அது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே நெறி பொருந்தும். அது முதல், அதை முதல் இரவே தின்று தீர்க்கலாகாது. மின்னழுத்தம் குறைவாக வரும்போது பேட்டரி சரியாக ஏறுவதில்லை என்பதையும் கருத வேண்டும். கூடத்தில் ஒரு விளக்கு, அடுக்களையில் ஒன்று, கழிவறை செல்லும் வழியில் ஒன்று. தொலைக்காட்சி வேண்டியதில்லை, செய்திக்கு வானொலி போதும். இரவு முழுவதும் எரிய வேண்டியது முதியோர் எழுந்து நடக்கும் வழி விளக்கு மட்டுமே.

குளிர்பதனப் பெட்டியை அடிக்கடி திறவாமலிருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பாலைக் காய்ச்சி வைப்பதும், தோசை மாவை அன்றே தீர்ப்பதும், மிஞ்சும் என்று தோன்றுவதை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும் கெட்டபின் கொட்டுவதைவிட மேல். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வீட்டில், மருந்துக் குப்பியை நீர் புகாதபடி மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பயன்பாட்டில் உள்ள குப்பி சில நாட்கள் அந்தக் குளிர்ச்சியில் கெடாது. பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் அது கெட்டுப்போகும்.

அகல் விளக்கை ஏற்றும் இல்லத்தார், அதைத் திரைச்சீலைக்கும் பாய்க்கும் எட்டாத இடத்தில், மண்ணோ நீரோ நிரப்பிய தாம்பாளத்தின் நடுவே வைப்பது நல்லது. பூசை அறையில் விளக்கை எரியவிட்டு எல்லோரும் உறங்கச் செல்வது பக்தியாகாது. இரவு படுக்கும் முன் விளக்கை மலரால் அமர்த்தும் பழைய வழக்கம் பாதுகாப்பும் சேர்ந்ததே.

மூன்று முனைகளும் முழுமையாக வந்தபின் எல்லாக் கருவிகளையும் ஒருசேர இயக்கவும் கூடாது. தெரு முழுவதும் அதே நொடியில் இயக்கினால் வந்த மின்சாரம் மறுபடியும் போய்விடும். முதலில் ஒரு விளக்கு. அது பத்து நிமிடம் ஒரே சீராக எரிந்தால் விசிறி. அதன்பின் குளிர்பதனப் பெட்டி. கடைசியாகத்தான் மோட்டார்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கம்பத்திலிருந்து இறங்கும் பணியாளரின் சட்டை மழையிலும் வியர்வையிலும் நனைந்திருக்கும். அவர் வீட்டிலும் அன்று மின்சாரம் இல்லாமல் இருக்கலாம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் வாய், "தம்பி, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லட்டும். அடுத்த தெருவுக்கு அவர் சற்றுத் தெம்போடு நடப்பார்.